விரிசலக்காவின் மூக்குக்கண்ணாடி

விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கிற அந்தப் பெரிய ஹேங்கரில் அவளை எல்லாரும் விரிசலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் சொன்னார்கள், அவளும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை. விமானத்திலிருந்து கழற்றிய உலோகப் பாகங்களில், வெறும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஏதாவது ஓடியிருக்கிறதா என்று தேடுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாகத் தேடித் தேடி அந்தப் பார்வை அவளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கடையில் ஒரு தக்காளியை எடுத்தால் நாலு பக்கமும் திருப்பி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, காம்படியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவாள். காய்கறிக்காரர் ஆரம்பத்தில் முறைத்தார். இப்போதெல்லாம் அவள் தலை தெருமுனையில் தெரிந்தால் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறார்.

அவளுக்கு வாய்த்த புருஷன் இதற்கு நேர் எதிர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தொழிலில் கெட்டிக்காரர், வாயில் அதைவிடக் கெட்டிக்காரர். "எங்க குடும்பத்துல விரிசல் கல்யாணத்தன்னைக்கே வந்துடுச்சு" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்டவர் சிரிப்பதற்கு முன்னால் அவரே சிரித்து முடித்துவிடுவார். ஒரே மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் ஜோக்கிலிருந்து தப்பிக்கத்தான் அவ்வளவு தூரம் போய்விட்டாள் என்பது விரிசலக்காவின் கருத்து.

விமானப் பாகங்களின் விஷயத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. உடைந்த பிறகு மாற்றினால் பிரயோஜனம் இல்லை, உடைவதற்கு முன்னாலேயே மாற்றியாக வேண்டும். எங்கோ ஒரு நாட்டில், யாரோ ஒருவருடைய விமானத்தில், ஏதோ ஒரு பாகத்தில் விரிசல் கண்டால் போதும், அதே ரக விமானம் வைத்திருக்கிற எல்லாருக்கும் ஒரு கட்டாய உத்தரவு வந்துவிடும். இத்தனை பயணத்துக்குள் அந்தப் பாகத்தைக் கழற்று, சோதித்துப் பார், விரிசல் இருந்தால் புதிது போடு. செய்யாவிட்டால் விமானம் தரையை விட்டு எழும்பக் கூடாது. முதலாளியின் மாமனாரே சொன்னாலும் எழும்பாது.

அந்த வருடம் வந்த உத்தரவு ஒரு சின்ன பிராக்கெட்டைப் பற்றியது. இறக்கையின் பின்னால் ஏறி இறங்குகிற பலகை இருக்கிறதே, அதைத் தாங்குகிற, உள்ளங்கை அகல உலோகத் துண்டு. விமானத்துக்கு எட்டு. எட்டையும் கழற்றிக் கழுவி, ஒளிரும் சாயத்தில் ஊறவைத்து, மேலே உள்ள சாயத்தை அலசி, வெள்ளைப் பொடி தூவி இருட்டறைக்கு அனுப்புவார்கள். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த சாயம் அங்கேயே தங்கியிருக்கும். ஊதா விளக்கைக் காட்டினால் அந்த இடம் மட்டும் பச்சையாகப் பளிச்சிடும். விரிசலக்கா அந்த இருட்டறையில் முதலில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பாள். கண் இருட்டுக்குப் பழக வேண்டும் என்பது விதி. வீட்டில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாதவளுக்கு அது ஒரு வரம். அதன் பிறகு விளக்கைப் போட்டுக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். நல்லது என்றால் ஒன்பதாம் எண் முத்திரையைச் சீட்டில் குத்துவாள். அந்த முத்திரை அவளுடையது, அவள் மட்டுமே குத்தலாம். இருட்டறையில் அவளைத் தவிர இன்னும் ஒரே ஒருவன்தான் இருந்தான். அவன் பெரிய மீசை வைத்திருந்ததால் அவனுக்கு மீசை என்றே பெயர்.

பாகங்களுக்கு மட்டும் அல்ல, பார்க்கிற கண்ணுக்கும் வருடாந்தரச் சோதனை உண்டு. எறும்பு எழுத்தை முழங்கைத் தூரத்தில் வைத்துப் படித்துக் காட்ட வேண்டும். நாற்பத்தாறு வயது வரை விரிசலக்கா அதைக் கடகடவென்று வாசித்துத் தள்ளினாள். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. கண்ணாடிக் கடைக்காரன் பெண்டாட்டிக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை என்று புருஷனை எத்தனையோ முறை மட்டம் தட்டியிருக்கிறாள். நாற்பத்தேழாவது வயதில் எழுத்து மங்கியது. தாளைத் தள்ளிப் பிடித்தாள். மருத்துவர் தாளைப் பழைய இடத்துக்கே இழுத்துவைத்து, கிட்டத்தில் பார்ப்பதற்குக் கண்ணாடி போட்டுக்கொண்டால் வேலை செய்யலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்தவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

புருஷனுக்கோ தலைகால் புரியவில்லை. சொந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு வாடிக்கையாளர் வருவதற்கு இருபத்து நாலு வருடம் காத்திருந்தவர் அவர். அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு அவளை உட்காரவைத்து அளவெடுத்தார். மூக்கை அளந்தார், காதை அளந்தார், இரண்டு கண்ணுக்கும் நடுவில் அளந்தார். பெண் பார்க்க வந்த அன்றுகூட இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை என்று அவள் சொன்னாள். மூன்றாவது நாள் கண்ணாடி வந்தது. மெல்லிய சட்டம், பளிங்கு மாதிரி லென்ஸ். விஷயம் கேள்விப்பட்ட மீசை, தனக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும், போன சோதனையில் தானும் தட்டுத்தடுமாறித்தான் தேறினேன் என்று சொல்லி ஒன்று வாங்கிக்கொண்டான்.

இருட்டறைக் கதவில் ஒரு பலகை மாட்டியிருக்கும். வெளிச்சத்தில் கறுக்கிற கண்ணாடி அணிந்து உள்ளே வரக் கூடாது. வெயிலில் தானாகக் கறுத்து நிழலில் வெளுக்கிற லென்ஸ் இருக்கிறதே, அது ஊதா விளக்கின் அடியிலும் கறுக்கும். கறுத்தால் பச்சைக்கோடு தெரியாது. ஆகவே புதுக் கண்ணாடி எது வந்தாலும் முதலில் அதை ஊதா விளக்கின் அடியில் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்து, பதிவேட்டில் 'சோதிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். இதெல்லாம் விரிசலக்காவுக்குத் தெரியாததா? வருடா வருடம் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுகிறவளே அவள்தான். வாங்கும்போதே "சாதாரணக் கண்ணாடிதானே?" என்று புருஷனைக் கேட்டாள். "சாதாரணமோ சாதாரணம்" என்றார். அவர் சிரித்தபடி சொன்னதை அவள் கவனிக்கவில்லை. அவர் எதைச் சொன்னாலும் சிரித்தபடிதான் சொல்வார்.

மறுநாள் பதிவேட்டை எடுத்தாள். தூரத்து ஊரிலிருந்து முத்திரையோடு வருகிற பாகத்தை நம்பாதவள், புருஷன் கையால் செய்தது என்பதால் விளக்கின் அடியில் வைக்காமலே டிக் போட்டாள். மீசையின் கண்ணாடியும் அதே கடை, அதே ரகம் என்று அதற்கும் சேர்த்து ஒரு டிக். இரண்டு கண்ணாடிகளும் இருட்டறை மேசையின் இழுப்பறையிலேயே தங்கிவிட்டன. சின்ன ஆணி உள்ள எந்தச் சாமானையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விமானத்தின் பக்கம் போகக் கூடாது, விழுந்தால் எஞ்சினுக்குள் போய்ச் சேரும் என்பது அங்கே பொது விதி. அதனால் அந்தக் கண்ணாடிகள் ஒரு நாள்கூட வெயிலைப் பார்க்கவில்லை. அவற்றைப் போட்டுக்கொண்டு வேலை செய்யும்போது அறை கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது உண்மைதான். வயதாகிறது, இனி இப்படித்தான் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பதினோரு வேலை நாள் இப்படிப் போயிற்று. அடுத்து வந்தது சனிக்கிழமை, விடுமுறை. கண்ணாடியின் ஒரு கால் லேசாக ஆடியது. கடையில் கொடுத்து முடுக்கிக்கொள்ளலாம் என்று, சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்கி, முந்தின நாளே பெட்டியில் போட்டு வெளியே கொண்டுவந்திருந்தாள். காலை பத்தரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். நல்ல வெயில். கம்பத்தில் ஒட்டியிருந்த நேர அட்டவணை பொடி எழுத்தில் இருந்தது. கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்தாள். அதற்குள் பேருந்தே வந்துவிட்டது. அதன் கதவுக் கண்ணாடியில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பொம்பளை நின்றிருந்தாள். யாருடா இது, சினிமாக்காரி மாதிரி என்று பார்த்தாள். அந்தப் பொம்பளை வைத்திருந்ததும் இவளுடைய அதே நீலக் கைப்பை.

பேருந்து ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவள் ஏறவில்லை. கண்ணாடியைக் கழற்றினாள். லென்ஸைக் கையால் மூடி எண்ணிக்கொண்டே நின்றாள், திறந்தாள், வெளுத்திருந்தது. வெயிலில் நீட்டினாள், கறுத்தது. மறுபடியும் செய்தாள். மூன்றாவது தடவையும் செய்தாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம், மூன்று தடவை பார்க்காமல் எதையும் நம்ப மாட்டாள். மூன்றாவது தடவையும் கறுத்தபோது அவள் பாகங்களை எண்ணத் தொடங்கினாள்.

பதினோரு நாளில் அவள் முத்திரை குத்திய பாகங்கள் ஐம்பத்துமூன்று. முப்பத்தேழு கிடங்கு அலமாரியில் இருந்தன. எட்டு பிராக்கெட்டுகள் ஹேங்கரில் நிற்கிற ஒரு விமானத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மீதி எட்டு? அந்த எட்டும் செவ்வாய்க்கிழமை வெளியே போன விமானத்தில் இருந்தன. நாலு நாளாக அது பறந்துகொண்டிருந்தது. ஒரு நாளைக்கு நாலு பயணம். ஒரு பயணத்துக்கு எத்தனை பேர் என்று மனம் பெருக்கப் பார்த்தது, அவள் விடவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விரிசலக்கா உத்தமி இல்லை. திங்கட்கிழமை காலையில் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய், சத்தம் இல்லாமல் கிடங்குப் பாகங்களை மறுபடி பார்த்துவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. பறக்கிற விமானத்துக்கு அது உதவாது என்று அடுத்த யோசனை வந்தது. இரண்டுக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேருந்துகள் போய்விட்டன. அதன் பிறகு போனை எடுத்தாள்.

தரப் பிரிவுத் தலைவருக்கு ஹேங்கரில் நிதானம் என்று பெயர். எதைச் சொன்னாலும் "நிதானம், நிதானம்" என்று ஆரம்பிப்பார். அவரிடம் ஒரே மூச்சில் சொன்னாள்.

"சார், என் கண்ணாடி கறுக்கிற கண்ணாடி. இப்பத்தான் வெயில்ல பாத்தேன். நான் பதினோரு நாளா குத்தின முத்திரை எதையும் நம்பாதீங்க. ஐம்பத்திமூணையும் நிறுத்துங்க."

அன்றைக்கு அவர் நிதானம் என்று சொல்லவே இல்லை.

"செவ்வாய்க்கிழமை போனது இப்ப வானத்துல இருக்கும்மா" என்றார். "ஒண்ணே முக்காலுக்கு இறங்கும். இறங்கினா அப்புறம் ஏறாது. நீங்க கிளம்பி வாங்க."

கண்ணாடியைப் பற்றிச் சொல்லிவிட்டாள். டிக்கைப் பற்றிச் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, அங்கேயே நின்றுகொண்டது.

கடைக்குப் போனபோது புருஷன் ஒரு வாடிக்கையாளருக்குச் சட்டம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வழக்கமான ஜோக்கை ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் விட்டார். வாடிக்கையாளர் போகும் வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள். போனதும் கண்ணாடியை மேசையில் வைத்து, இது என்ன லென்ஸ் என்று கேட்டாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கண்டுபிடிச்சிட்டியா என்றார். கடையிலேயே உயர்ந்த ரகம் அதுதான் என்றார். சொன்னால் எதற்கு ஆடம்பரம் என்று வேண்டாம் என்பாள், அதனால்தான் சொல்லவில்லை என்றார். அதோடு நிற்கவில்லை. "நீதானே சொல்லுவ, அந்த ஊதா விளக்கு கண்ணுக்கு நல்லதில்லைனு. அந்த வெளிச்சம் உன் கண்ணுல படவே படாது, இந்த லென்ஸ் தடுத்துடும். மீசைத் தம்பிக்கும் அதையே போட்டுட்டேன், பாவம், அவரும் அதே அறையிலதானே உக்காந்திருக்காரு."

விரிசலக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். மனிதர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தண்ணீர் கொண்டுவந்தார், விசிறினார், என்னம்மா என்னம்மா என்று சுற்றிச் சுற்றி வந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். பச்சைக்கோட்டைச் சொன்னாள், பறக்கிற விமானத்தைச் சொன்னாள். அவர் தான் எழுதிவைத்திருந்த ஆர்டர் புத்தகத்தைப் புரட்டி, இரண்டு லென்ஸின் எண்ணையும் பார்த்துவிட்டு, சிரிப்பில்லாத குரலில், "நான் வேணும்னு செய்யலை" என்றார். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் அதை வாய்விட்டுச் சொல்ல மனம் வரவில்லை.

மீசையின் கண்ணாடியும் அதே ரகம் என்று அவள் மறுபடியும் நிதானத்துக்குப் போன் செய்ய வேண்டியிருந்தது. மீசை குத்திய முத்திரைகளும் செல்லாமல் போயின, நல்லவேளையாக அந்தப் பாகங்கள் இன்னும் கிடங்கை விட்டுப் போகவில்லை. ஊரில் இருட்டறை தெரிந்தவர்கள் இரண்டே பேர், இரண்டு பேருக்கும் கண்ணாடி கோளாறு. ஒரு பாகத்தில் குறை என்றால் அதே தயாரிப்பில் வந்த எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடி இப்போது அவள் வீட்டுக்காரர் கடைக்கு வந்து நின்றது. நிதானம் யோசித்துவிட்டு, உங்க வீட்டுக்காரரால சாதா லென்ஸ் போட்டுத் தர முடியுமா, இன்னைக்கே, இங்கேயே வந்து என்று கேட்டார். போனுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், முடியும் என்று அவள் சொல்வதற்கு முன்னாலேயே கடையைச் சாத்தக் கிளம்பிவிட்டார்.

ஹேங்கரின் சாப்பாட்டு அறை மேசையில் துணி விரித்து உட்கார்ந்து அவர் லென்ஸ் மாற்றினார். லென்ஸைத் தேய்க்கிற சின்ன இயந்திரத்தைக் கடையிலிருந்து தூக்கியே வந்திருந்தார். சனிக்கிழமை வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கழற்றிய பாகம் எது, போட்ட பாகம் எது, யார் போட்டது, எப்போது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார் நிதானம். மூக்குக்கண்ணாடிக்கு யாராவது இவ்வளவு எழுதுவார்களா என்று மனிதர் வாயைத் திறந்தார். மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டு எழுதினார். எழுத்துப்பிழை இருந்தது என்று திரும்ப வேறு எழுதச் சொன்னார்கள். புது லென்ஸ்கள் இரண்டையும் நிதானமே இருட்டறைக்குக் கொண்டுபோய், கையில் கடிகாரத்தோடு விளக்கின் அடியில் வைத்துப் பார்த்தார். கறுக்கவில்லை.

அதைப் பதிவேட்டில் எழுதப்போனபோதுதான் அவர் பழைய வரியைப் பார்த்தார். 'சோதிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் அழகான ஒரு டிக், அதன் கீழே ஒரு டிக், பக்கத்தில் ஒன்பதாம் எண் முத்திரை.

"சோதிச்சிருக்கீங்களே" என்றார். "அப்ப கறுக்கலையா?"

சாப்பாட்டு அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். புருஷன் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மீசை முந்திக்கொண்டு, அன்னைக்கு விளக்குக்குச் சூடு ஏறாம இருந்திருக்கும் சார், புது லென்ஸ் சில நேரம் உடனே கறுக்காது சார் என்று ஏதேதோ சொன்னான். நல்ல பையன். நிதானமும் அதை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருப்பது போலத் தெரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாப் பழியும் லென்ஸின் தலையில், லென்ஸ் போட்டவர் தலையில் விழும். அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம்னு சொல்லு என்பது போல் லேசாகத் தலையை வேறு ஆட்டினார்.

"சோதிக்கலை சார்" என்றாள். "எங்க வீட்டுல செஞ்சதுதானேனு பாக்காமலே டிக் போட்டேன். தம்பியோடதுக்கும் நான்தான் போட்டேன். அவன் அதை நம்பித்தான் மாட்டிக்கிட்டான்."

நிதானம் கையை நீட்டினார். அவள் முத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். விசாரணை முடிந்து, கண் சோதனையும் பயிற்சியும் முடிந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம், ஒரு மாதம் ஆகலாம் என்றார். சரி சார் என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அது அவள் கையைவிட்டுப் போனதே இல்லை. அழுகை வரும் என்று நினைத்தாள். காலையிலேயே அழுது தீர்த்துவிட்டதாலோ என்னவோ, பெரிய மூட்டையை இறக்கிவைத்த மாதிரிதான் இருந்தது.

ஒன்றே முக்காலுக்கு விமானம் இறங்கியது. ஹேங்கர் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். இருநூறு பேர் ஒரே இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், பாதிப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் விரிசலக்கா நின்றாள், புருஷன் பக்கத்தில் நின்றார். பயணிகள் வரிசையாகப் படியில் இறங்கினார்கள். ஒரு அம்மா தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையில் பையையும் பிடித்துக்கொண்டு, படியை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து இறங்கினாள். கடைசி ஆள் இறங்கியதும் வண்டி வந்து விமானத்தை ஹேங்கருக்குள் இழுத்தது. மூன்று மணிக்குள் எட்டு பிராக்கெட்டுகளையும் கழற்றிவிட்டார்கள்.

மறுபடி கழுவி, சாயத்தில் ஊறவைத்து முடிந்ததும் மீசை புதுக் கண்ணாடியோடு இருட்டறைக்குள் போனான். அவள் சோதிக்கக் கூடாது, முத்திரை இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். முதலில் பறந்த எட்டையும் பார்ப்பது என்று ஏற்பாடு. ஒவ்வொன்றும் சுத்தம் என்று முடிந்ததும் கதவின் சின்ன ஜன்னல் வழியாக ஒரு சீட்டு வெளியே வரும். ஒன்று வந்தது. இரண்டு வந்தது. ஐந்து வரைக்கும் அவள் மூச்சு ஒழுங்காக வந்தது. ஆறாவது சீட்டும் வந்தது. புருஷன், பாத்தியா, உன் கண்ணு கறுத்த கண்ணாடிக்குள்ளேயும் பார்க்கும் என்று தைரியம் சொன்னார். ஏழாவது சீட்டு வரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆயிற்று. பிறகு கதவு திறந்தது. மீசை, வாங்கக்கா என்று தலையால் கூப்பிட்டான்.

உள்ளே போய்ப் பார்த்தாள். போல்ட் நுழைகிற துளையின் ஓரத்திலிருந்து புறப்பட்டு, விரல் நகம் அளவுக்கு, பச்சையாக ஒரு கோடு. சந்தேகத்துக்கே இடம் இல்லை. முதல் வாரம் வேலைக்குச் சேர்ந்தவர்கூடக் கண்டுபிடித்துவிடுகிற கோடு. அந்தப் பாகத்தின் சீட்டில்தான் அவள் ஒன்பதாம் எண்ணைக் குத்தியிருந்தாள். அன்றைக்கே உடைந்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. இன்னும் நூறு தடவை, ஆயிரம் தடவை தாங்கியிருந்தாலும் இருக்கலாம். தாங்குமா என்று பந்தயம் கட்டுவது அவள் வேலை இல்லை. வெளியே வந்து நிதானத்திடம் ஒண்ணு இருக்கு சார் என்றாள். அவர் பாகத்தை ஒதுக்கச் சொல்லி, புதிதை எடுக்க ஆளை அனுப்பினார். எட்டாவதும், ஹேங்கரில் நின்ற விமானத்தின் எட்டும், கிடங்கில் இருந்த மற்றவையும் சுத்தமாக இருந்தது பின்னால் தெரிந்தது.

அத்தனை நேரமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த புருஷன் எழுந்து, நான் ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டார். நிதானம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

மூன்று பேரும் உள்ளே போனார்கள். விதிப்படி ஐந்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்தார்கள். அவர் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்ததை அவள் முதல் தடவையாகக் கண்டாள். பிறகு மீசை ஊதா விளக்கைப் போட்டு பிராக்கெட்டை அதன் அடியில் பிடித்தான். அவர் குனிந்து பார்த்தார். இப்படித் திரும்பிப் பார்த்தார், அப்படித் திரும்பிப் பார்த்தார்.

"எங்கே?" என்றார்.

"துளை ஓரத்துல பாருங்க."

"துளை ஓரத்துல ஒண்ணும் இல்லையேம்மா. நல்லாத்தானே இருக்கு." அவர் குரலில் உயிர் வந்துவிட்டது. "நல்லாப் பாருங்க தம்பி, சுத்தமா இருக்கு. ஒரு கீறல்கூட இல்லை."

மீசை ஏதோ சொல்லப்போனான். அவள் அவன் கையைத் தொட்டு நிறுத்தினாள். பிறகு எட்டி, புருஷன் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றினாள். ஆறு வருடமாக அவர் போட்டுக்கொண்டிருந்ததும் அதே உயர்ந்த ரகம்தான். ஊருக்கெல்லாம் லென்ஸ் மாற்றியவர் தன்னுடையதை மறந்துபோயிருந்தார். அவருக்குத் தூரத்தில்தான் பார்வை மோசம், கிட்டத்தில் வெறும் கண்ணாலேயே நன்றாகத் தெரியும். "இப்பப் பாருங்க" என்றாள்.

அவர் மறுபடி குனிந்தார். குனிந்தவர் அப்படியே இருந்தார்.

"இவ்வளவு பளிச்சுனு இருக்கே" என்றார் கடைசியில்.

"ஆமா."

"இதோடயா அந்தம்மா குழந்தையைத் தூக்கிக்கிட்டு இறங்கினாங்க?"

அவளுக்குக் காலையிலிருந்து அவர் மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மிச்சம் இருந்தது பயம் மட்டும்தான். இருட்டில் அவர் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது. அவளும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விளக்கை அணைக்கட்டுமா அக்கா என்று மீசை கேட்டான்.

"இருங்க தம்பி, அணைக்காதீங்க" என்றார் அவர். "இன்னொரு தடவை பாத்துக்கறேன்."